புதுச்சேரியில் பானை வனைந்தேன்

எங்கள் வீட்டில் என் அறிவுக்கு வழங்கி வரும் பட்டம் ஒன்று உண்டு. வருமான வரியைப் பற்றியோ, காரின் பிரேக்கைப் பற்றியோ நான் வாயைத் திறந்தால் போதும், "உனக்கு என்ன தெரியும், மண்ணாங்கட்டி!" என்பார் என் வீட்டுக்காரர். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது அர்ச்சனை மாதிரி பழகிவிட்டது. ஆகையால், சென்ற மாசி மாதம் என் பெண், "உன் பிறந்த நாளுக்கு என்ன வேணும், அம்மா?" என்று கேட்டபோது நான் புடவை கேட்கவில்லை.

"புதுச்சேரியிலே பானை செய்யக் கத்துக் குடுக்கறாங்களாம். அஞ்சு நாள் வகுப்பு. அதிலே என்னைச் சேர்த்துவிடு. மண்ணாங்கட்டியைப் பற்றியாவது முழுசாத் தெரிஞ்சுக்கறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் பத்திரிகையைத் தாழ்த்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பானை வேணும்னா மாம்பலத்திலே கிடைக்காதா? பேரம் பேசறதிலேதான் நீ சூரப்புலியாச்சே!" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. சகோதரிகளிடம் மறைப்பானேன்? பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் எங்கள் தெருமுனையில் ஓர் ஆயா பானைகளை அடுக்கிக்கொண்டு உட்காருவாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பேன். "இது 'டொக்'னு கேக்குதே ஆயா, விரிசல்" என்று ஒதுக்குவேன். "இது கோணல்" என்று இன்னொன்றை ஒதுக்குவேன். அவள் நூற்றைம்பது என்பாள். நான் எண்பது என்பேன். கடைசியில் என் பிரம்மாஸ்திரத்தை விடுவேன்: "மண்ணுதானே ஆயா! மண்ணுக்கு என்ன இவ்வளவு விலை?" அதற்கு அவளிடம் பதில் இராது. நூறு ரூபாய்க்குப் பானை என் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தப் பெருமையோடுதான் நான் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினேன். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பும் உப்பளமுமாக ஓட, மூன்றரை மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிட்டது. முத்தியால்பேட்டையில் என் சித்தி பெண் இருக்கிறாள். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் அவள் வீடு. மற்ற நேரமெல்லாம் மண்.

பானைக்குப் போய்ப் புதுச்சேரியா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இந்த ஊரில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். நம் ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, அதைப் போலக் கல்லாய் இறுகி, மேலே கண்ணாடி மாதிரி மெருகு ஏறும் பாண்டங்களை இங்கே கையாலேயே செய்யலானார்கள். அவர்களிடம் கற்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் தனித்தனியே சூளை போட்டார்கள். மீக்கர் இன்னொரு விந்தையும் செய்து பார்த்தார். பச்சை மண்ணால் வீட்டையே கட்டி, உள்ளே தீ மூட்டி, பானையைச் சுடுவது போல வீட்டையே சுட்டு எடுத்தார்! ஆக, மண்ணைத் தேடி இந்த ஊருக்குப் போவதில் தப்பு இல்லை.

எங்கள் வகுப்பு ஊருக்கு வெளியே, முந்திரி மரங்களுக்கு நடுவில், ஒரு கீற்றுக் கொட்டகையில் நடந்தது. மாணாக்கர்கள் ஆறு பேர். பாங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், புதிதாய்க் கல்யாணமான ஒரு ஜோடி, கல்லூரிப் பையன், ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாள், அப்புறம் நான். டீச்சர் என் பெண்ணைவிட இரண்டு வயது சின்னவள். பருத்திப் பாவாடையும் மண் படிந்த ஏப்ரனுமாக வந்து நின்று, "வளையலையும் மோதிரத்தையும் கழட்டிடுங்க அம்மா, நகத்தையும் வெட்டிடுங்க" என்றாள். முதல் பாடம் அதுதான்.

இரண்டாவது பாடம், மண்ணைப் பிசைவது. இதில் நான் எல்லோரையும் மிஞ்சிவிடுவேன் என்று மனத்துக்குள் மார்தட்டிக்கொண்டேன். முப்பது வருஷம் சப்பாத்தி மாவு பிசைந்த கை அல்லவா? பலகையில் மண்ணைப் போட்டு மடித்து மடித்துக் குத்தினேன்.

டீச்சர் ஓடி வந்தாள். "ஐயோ அம்மா, மாவு மாதிரி மடிக்காதீங்க! மடிச்சா காத்து உள்ளே போய் உட்கார்ந்துக்கும். மண்ணிலே இருக்கற காத்தை வெளியே அனுப்பத்தான் நாம பிசையறோம்" என்றாள்.

அவள் பிசைந்த விதமே வேறு. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, சற்றே திருப்பி, மறுபடி தள்ளினாள். மடிப்பே இல்லை. கொஞ்ச நேரத்தில் மண் சங்கு மாதிரி சுழித்துக்கொண்டு வந்தது. பிறகு கம்பியால் அதை இரண்டாக அறுத்துக் காட்டினாள். உள்ளே வெண்ணெய் மாதிரி ஒரே சீராக இருந்தது. என்னுடையதை அறுத்தால், ஆப்பத்தின் நடுப்பாகம் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது! தெரிந்த வித்தையை மறப்பதுதான் புதியதைக் கற்பதைவிடக் கஷ்டம் என்று அன்று புரிந்தது.

அன்று மாலைக்குள் ஒரு மண் உருண்டையில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிலும் கிள்ளிக் கிள்ளி ஒரு கிண்ணமும், மண்ணை முறுக்குத் திரி போல உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஒரு குவளையும் செய்தோம். சக்கரம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் உலகமெங்கும் மனிதர்கள் இப்படித்தான் பாண்டம் செய்தார்களாம். முறுக்குச் சுற்றிய கைக்கு இது கொஞ்சம் சுலபமாகவே வந்தது.

மறுநாள் சக்கரத்தில் உட்கார்த்தினார்கள். மின்சாரச் சக்கரம், தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்தால் வேகம் கூடும். மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்து, கையை நனைத்துக்கொண்டு, சுற்றும் மண்ணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது!

சுற்றும் மண் லேசில் நடுவுக்கு வராது. ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளங்கையை இடிக்கும். நாம் பயந்து கையை விலக்கினால் இன்னும் துள்ளும். கோபித்துக்கொண்டு அழுத்தினால் கை வழுக்கி, மண் பிய்ந்து எதிரே இருப்பவர் மேல் போய் விழும். என்னுடைய மண் இரண்டு தடவை பாங்கிக்காரர் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் ரொம்ப நல்லவர், வட்டி கேட்கவில்லை.

கல்லூரிப் பையனுக்குத் தேக்குக் கட்டை மாதிரி கை. அவனாலும் முடியவில்லை. "பலம் வேண்டாம், தம்பி. முழங்கையைத் தொடையிலே ஊன்றிக்கோ. கை அசையக் கூடாது. நீ அசையாம இருந்தா மண்ணு தானே உன்கிட்ட வரும்" என்றாள் டீச்சர். என்னிடம் வந்து, "அம்மா, கண்ணை மூடிக்குங்க" என்றாள்.

மூடினேன். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த ஞாபகத்திலேயே வாழ்கிற ஜன்மம் நான். சும்மா உட்கார்ந்து ஒன்றையே நினைப்பது என்பது எனக்குப் பழக்கமில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். உள்ளங்கையில் இடித்துக்கொண்டே இருந்த மண் சட்டென்று இடிப்பதை நிறுத்திவிட்டது. கண்ணைத் திறந்தேன். சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுகிறது. மண் மட்டும் அசையாமல் நிற்பது போல இருக்கிறது! நடுவுக்கு வந்துவிட்டால் அப்படித்தான் தெரியுமாம். அந்தக் காட்சியைப் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டிவிட்டேன். மண் மறுபடியும் பாங்கிக்காரரிடம் போய்விட்டது.

மூன்றாம் நாள் மண்ணின் நடுவில் கட்டைவிரலை இறக்கிக் குழித்து, உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகச் சுவரை மேலே இழுக்கும் பாடம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எனக்குக் குரங்குகூட முடியவில்லை. செம்பு செய்யப் போனால் தட்டு வந்தது. தட்டு செய்யப் போனால் துணி மாதிரி மடிந்து விழுந்தது. தண்ணீரை அதிகம் விட்டால் மண் ஊறித் தொய்கிறது. குறைத்தால் கையைப் பிடித்து இழுக்கிறது. பதினோரு உருண்டைகளில் மூன்றுதான் பாண்டம் என்று சொல்லும்படி நின்றன.

அடுத்த உருண்டை எனக்கே ஆச்சரியமாக, ஒரு சாண் உயரத்துக்கு நேராக எழுந்து நின்றது. "டீச்சர், இங்கே பாருங்க!" என்று கூவினேன். அவள் வந்தாள், சிரித்தாள், கம்பியை எடுத்து அதை மேலிருந்து கீழாகச் சரிபாதியாக அறுத்துவிட்டாள்!

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது என்றால் நம்புங்கள். "கோவிச்சுக்காதீங்க, அம்மா. சுவரைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். அடியில் அடை மாதிரி தடிமன். மேலே அப்பளம் மாதிரி மெல்லிசு. வெளியே பார்த்தால் அழகு. உள்ளே இவ்வளவு குறை. "எங்க டீச்சரும் எனக்கு இதேதான் செஞ்சாங்க. நல்லா வந்ததை அறுத்துப் பார்த்தால்தான் அடுத்தது இன்னும் நல்லா வரும்" என்றாள் அந்தப் பெண். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்ற பழமொழியை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தத் தடிகாரன் பக்கத்தில் நின்றே சொல்லியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

நான்காம் நாள் மாலை, "மியூஸியத்துக்குப் போய்ட்டு வாங்க. இப்போ உங்களுக்கு வேற கண்ணு வந்திருக்கும்" என்று டீச்சர் எங்களை அனுப்பினாள். பாரதி பூங்காவை ஒட்டிய புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டிலிருந்து கிடைத்தவை இருக்கின்றன. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டை, 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்தார். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியோடு வாணிபம் நடந்த துறைமுகம் என்று தெரிய வந்தது. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த இரு கைப்பிடி ஜாடிகளின் துண்டுகள் அங்கே கிடைத்தன. நம் நாட்டிலேயே வனைந்த மெல்லிய தட்டுகளும் கிடைத்தன. அவற்றின் உட்புறம் பொடிப் பொடியாக வட்டக் கோலம் குத்தியிருக்கும்.

பத்து வருஷத்துக்கு முன்னாலும் இதே மியூஸியத்துக்கு வந்திருக்கிறேன். "உடைந்த ஓடு" என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் வெளியே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இந்தத் தடவை அந்தத் துண்டுகளின் முன்னாலிருந்து நகர முடியவில்லை. ஒரு ஜாடித் துண்டின் உட்புறத்தில் விரல் ஓடிய வரிகள் அப்படியே இருந்தன. சுவரை இழுக்கும்போது என் விரல் போட்டதே, அதே வரி! கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்த வரி. தட்டைப் பார்த்தாலோ, சுவர் மேலும் கீழும் ஒரே கனம். நர்ஸ் அம்மாள் பெருமூச்சு விட்டு, "அறுத்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை" என்றார்.

ஐந்தாம் நாள், பாதி காய்ந்த பாண்டங்களைக் கவிழ்த்து அடியைச் செதுக்கினோம். மண் அப்போது தோல் மாதிரி பதத்தில் இருக்க வேண்டும். செதுக்கிய பின் நிழலில் நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் சூளையில் நீராவியாகி வெடித்துவிடும். முதல் முறை சுட்ட பிறகு மெருகுப் பூச்சில் முக்கி, இரண்டாம் முறை சுமார் 1,250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னார்கள். பச்சை மண் கலத்தில் நீரை ஊற்றிக் காப்பது போல் என்று, வஞ்சனையால் சேர்க்கும் பொருளுக்கு வள்ளுவர் உவமை சொல்கிறார். அந்தப் பச்சை மண்ணை நான் கையில் பிடித்துப் பார்த்தேன். பிஸ்கட் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு நீர் பட்டாலும் கரைந்துவிடும்.

பங்குனிக் கடைசியில் மறுபடியும் போனேன். என் மூன்று பாண்டங்களில் ஒன்று அடியில் விரிசல். இன்னொன்று டம்ளர், காப்பிக்கு என்று செய்தது, சுட்டதில் எட்டில் ஒரு பங்கு சுருங்கி, கஷாயத்துக்குத்தான் ஆகும் போலிருந்தது. மூன்றாவது ஒரு கிண்ணம். நீலமும் பச்சையுமாக மெருகு ஏறி, ஒரு பக்கம் சற்றே தலை சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"வில்லியனூர்ப் பக்கம் போய்ப் பரம்பரையா மண் பானை செய்யறவங்களையும் பார்த்துட்டுப் போங்க" என்று டீச்சர் ஒரு வீட்டுக்கு வழி சொன்னாள். வில்லியனூர், புதுச்சேரிக்கு மேற்கே பத்து கிலோமீட்டர். திருக்காமீசுவரர் கோயில் உள்ள ஊர். அங்கத்திய சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்தேன்.

வாசலெல்லாம் பானைகள் கவிழ்ந்து கிடந்தன. பெரியவர் சக்கரத்தின் முன் குந்தியிருந்தார். ஒரு பெரிய மண் குவியலின் உச்சியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, பேசிக்கொண்டே, கண்ணால் பாராமலே எடுத்து வைத்தார். நடுவுக்குக் கொண்டுவருவது என்று ஒரு வேலை இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை! அறுத்தெடுத்த பானைக்கு அடிப்பாகம் இல்லை. கொஞ்சம் வாடிய பிறகு, உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, அடியை மூடி உருண்டையாக்குகிறவர் அவருடைய சம்சாரம். அறுபது வயது இருக்கும். மண்ணைச் சலிப்பதும், மிதிப்பதும், தட்டுவதும், செம்மண் பூசுவதும், சந்தைக்குத் தூக்கிப் போவதும் அந்த அம்மாள்தான்.

"பாதிப் பானை நீங்கதான் செய்றீங்க" என்றேன்.

"பாதி இன்னாம்மா, முக்காவாசி" என்று சிரித்தார். பெரியவரும் சிரித்தார்.

நான் வகுப்புக்குப் போன கதையைச் சொன்னேன். அந்த அம்மாளின் கை தட்டுவதை நிறுத்திவிட்டது.

"நீங்க சக்கரத்துலயே உக்காந்தீங்களா?"

"ரெண்டாம் நாளே உட்கார்த்திட்டாங்க."

"நான் கல்யாணம் ஆயி வந்து நாப்பத்திரண்டு வருசம் ஆச்சும்மா. சக்கரத்துல உக்காந்ததே இல்ல. எங்க வீட்ல பொம்பளைங்க உக்கார மாட்டோம்" என்றார். குறை சொல்லும் குரல் அல்ல. வானிலை சொல்வது போலச் சொன்னார். பிறகு, பெரியவர் காதில் விழாதபடி குனிந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. சுற்றிக்கொண்டே இருந்த மண் அசையாமல் நின்ற அந்த ஒரு கணத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் கையில் கல்லோடு, என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேத்தி எட்டாவது படிக்குது. எந்நேரமும் சக்கரத்தையே பாத்துக்கினு இருக்கும். அந்தக் கிளாசுக்கு எவ்ளோம்மா?"

"ஆறாயிரம்."

ஒரு நொடிகூட ஆகவில்லை. "நூறு பானை" என்றார்.

மொத்த வியாபாரிக்கு ஒரு பானை அறுபது ரூபாயாம். என் பிறந்த நாள் விளையாட்டுக்கு அந்தக் குடும்பம் நூறு பானை தட்ட வேண்டும். மாம்பலத்தில் நான் அடித்துக் குறைத்த ஐம்பது ரூபாயின் கனம் அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. 'மண்ணுதானே!'

சங்கடத்தை மறைக்கக் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பினார். அப்புறம் விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். நான் மூச்சு விடவில்லை. எத்தனை பரீட்சை எழுதியிருக்கிறேன்! இப்படிப் பயந்ததில்லை.

"சத்தம் நல்லாருக்கு" என்றார். "கோணல்தான். ஆனா வெந்திருக்கு."

அன்றிரவே டீச்சருக்குப் போன் செய்து பேத்தியைப் பற்றிச் சொன்னேன். "பணம் வேண்டாம். லீவு விட்டதும் அனுப்பச் சொல்லுங்க. பதிலுக்கு அந்தப் பாட்டி ஒரு நாள் வந்து எனக்குப் பானை தட்டச் சொல்லிக் குடுக்கட்டும். எனக்கு அது சுட்டுப் போட்டாலும் வரலே!" என்றாள். கோடை விடுமுறையில் பேத்தி பத்து நாள் போய்வந்தாள். பாட்டியும் கூடப் போனாராம். தட்டக் கற்றுக் கொடுத்தாராம். சக்கரத்தில் உட்கார்ந்தாரா என்று நான் கேட்கவில்லை. "உக்காந்தாங்க" என்று டீச்சரே சொன்னாள்.

கோணல் கிண்ணத்தில் இப்போது எங்கள் வீட்டில் உப்பு இருக்கிறது. அதை முதலில் பார்த்த அன்று என் வீட்டுக்காரர், "இது என்ன, மண்ணா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இந்தப் பொங்கலுக்கும் தெருமுனைக்குப் போனேன். பானையை எடுத்தேன், உட்புறத்து வரியைத் தடவிப் பார்த்தேன், அடியில் பலகை பட்ட தழும்பைப் பார்த்தேன். ஆயா வழக்கம்போல் நூற்றைம்பது என்றாள். நான் நூற்றைம்பதை எடுத்துக் கொடுத்தேன்.

ஆயா பணத்தை வாங்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, தட்டிக்கூடப் பாக்கலே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். பிறகு பணத்தைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, கொசுறாக ஒரு மூடியை எடுத்துப் பானையின் மேல் கவிழ்த்து அனுப்பினாள்.